வலை சிக்கும் இடம்

காலை நிகழ்ச்சியில் வாரம் ஒரு நாள் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். போன மாதம் கேட்டது இது: “கடலடியில் காணாமல் போன ஒரு கப்பலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் உங்களுக்கு என்ன வேண்டும்?”

ஷா ஆலமிலிருந்து பொறியியல் படிக்கும் ஒரு தம்பி ‘சோனார் கருவி’ என்றார். கிள்ளானிலிருந்து ஓர் அக்கா, “நிறைய காசு வேணும்” என்று சிரித்தார். பள்ளிக்குப் போகும் வழியில் அப்பாவின் காரிலிருந்து பேசிய ஒரு சிறுவனுக்குப் புதையல் வரைபடம்தான் வேண்டுமாம்.

கடைசியாக, எழுபதைத் தாண்டிய ஓர் ஐயா பேசினார். ஊர் பெஸ்தாரி ஜெயா. அவர் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்.

“மீன் பிடிக்கிறவனக் கேக்கணும்மா. நான் பழைய ஈய லம்பக் குளத்துல வலை போடுறவன். வலை எங்க சிக்குதோ, அங்க அடியில ஏதோ கெடக்குன்னு அர்த்தம்.”

சரியான விடை அதுதான். இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்த ஐயா அன்று இன்னொன்றும் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் நீரிணையில் கிடந்தது

கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி குன்றின் மேல் நின்று, குரங்குகளுக்குப் பயந்து பையைக் கட்டிப் பிடித்தபடி கடலைப் பார்த்திருப்பீர்கள். தெரிவது மலாக்கா நீரிணை. நம் பக்கத்தில் அது ஆழமற்றது, சேறு கலங்கியது. சிலாங்கூர் கரைக்கு வெளியே ‘பெர்மாத்தாங் செடெப்பா’ என்று ஒரு மணல் திட்டும் அதில் ஒரு கலங்கரை விளக்கமும் உண்டு. ‘டெப்பா’ என்றால் இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம். தமிழ்நாட்டு மீனவர்கள் அதையே ‘பாகம்’ என்பார்கள். கடல் நடுவில் ஒரு பாகம் ஆழமே உள்ள இடம் என்பதால் அந்தப் பெயர்.

அதே நீரிணை வடக்கே போகப் போக ஆழமாகிறது. தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டரில், 82 மீட்டர் ஆழத்தில், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் 76 ஆண்டுகளாகக் கிடந்தது. பாகக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 45 பாகம். அதன் பெயர் யுஎஸ்எஸ் கிரெனேடியர்.

இரண்டாம் உலகப் போர். 1943 ஏப்ரல் 21. அந்த அமெரிக்க நீர்மூழ்கி இரண்டு கப்பல்களைக் குறிவைத்துப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஜப்பானிய விமானம் அதைப் பார்த்துவிட்டது. கப்பல் அவசரமாக மூழ்கும்போதே குண்டு விழுந்தது. உள்ளே தீப்பிடித்தது, இயந்திரப் பகுதி சிதைந்தது, கப்பல் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பகல் முழுக்கப் புகையிலும் வெப்பத்திலும் போராடி இரவில் மேலே கொண்டுவந்தார்கள். ஆனால், கப்பல் நகரவில்லை. பாய் கட்டியாவது கரைக்குப் போகலாம் என்று முயன்று பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. மறுநாள் எதிரிக் கப்பல்கள் நெருங்கியபோது, கேப்டன் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டின் உத்தரவுப்படி தங்கள் கப்பலைத் தாங்களே மூழ்கடித்துவிட்டு 76 பேரும் கடலில் குதித்தார்கள்.

அவர்களைப் பிடித்துக் கொண்டுபோன இடம் பினாங்கு. நம்மில் பலருக்குத் தெரிந்த லைட் தெரு கான்வென்ட் பள்ளி அப்போது ஜப்பானியக் கடற்படையின் கையில் இருந்தது. அங்கே அடைத்து வைத்து, அடித்து விசாரித்தார்கள். அந்த வகுப்பறைச் சுவரில் சிலர் தங்கள் பெயர்களைக் கீறி வைத்தார்கள். போர் முடிந்த பிறகு பள்ளி அந்தச் சுவரைப் பாதுகாத்து வந்தது. 76 பேரில் 4 பேர் சிறையிலேயே இறந்துபோனார்கள். 72 பேர் உயிருடன் வீடு திரும்பினார்கள்.

ஆட்கள் திரும்பிவிட்டார்கள், கப்பல் மட்டும் எங்கே என்று தெரியாமல் கிடந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் கடற்படையினர் அல்லர், நான்கு தனி மனிதர்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த பென் ரேமெனாண்ட்ஸ், ஆஸ்திரேலியரான லான்ஸ் ஹோரோவிட்ஸ், சிங்கப்பூரில் வசித்த பிரெஞ்சுக்காரர்கள் ஜான் லுக் ரிவ்வார், பெனுவா லபோரி. ரேமெனாண்ட்ஸ் பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்றுநரும் சிக்கியபோது மீட்புப் பணியில் இறங்கிய முக்குளிப்பாளர்களில் இவரும் ஒருவர்.

இவர்கள் எப்படித் தேடினார்கள்? பழைய ஆவணங்களைப் படித்தார்கள். சோனார் கருவியால் கடலடியை வருடினார்கள். ஆனால், எங்கே வருடுவது என்று தெரிய வேண்டுமே? அதற்கு அவர்கள் மீனவர்களிடம் போய்க் கேட்டார்கள்: “உங்கள் வலை அடிக்கடி எங்கே அறுந்து போகிறது?”

பெஸ்தாரி ஜெயா ஐயா சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

100பிளஸ் டின்னும் முக்குளிப்பும்

82 மீட்டர் என்பது ஏறக்குறைய 27 மாடிக் கட்டடத்தின் உயரம். ஏறி இறங்க அது பெரிய தூரமல்ல. தண்ணீருக்குள் அது வேறு கணக்கு.

ரெடாங்கிலும் பெர்ஹெந்தியானிலும் விடுமுறைக்குப் போய் நாம் செய்வது பொழுதுபோக்கு முக்குளிப்பு. எவ்வளவு தேர்ந்தவரானாலும் அதற்கு 40 மீட்டர்தான் எல்லை. அதற்குக் கீழே போவதை டெக்னிக்கல் டைவிங் என்கிறார்கள். அதற்குத் தனிப் பயிற்சி, தனிக் கருவிகள், தனிக் காற்று.

ஏன் தனிக் காற்று? ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நம் தலைக்கு மேல் இன்னொரு வளிமண்டலத்தின் அழுத்தம் ஏறுகிறது. 82 மீட்டரில் தரையில் இருப்பதைப்போல ஒன்பது மடங்கு. அந்த அழுத்தத்தில், நாம் தினமும் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே குணம் மாறிவிடும். நைட்ரஜன் கள்ளுக் குடித்ததுபோல் தலையைக் கிறுகிறுக்க வைக்கும். அடியில் போனவருக்குத் தான் எங்கே இருக்கிறோம், எவ்வளவு காற்று மிச்சம் என்பதே மறந்து போகலாம். உயிர் கொடுக்கும் ஆக்சிஜன் அங்கே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் பிழைப்பது அரிது.

அதனால், ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் குறைத்து அந்த இடத்தில் ஹீலியத்தைக் கலக்கிறார்கள். மூன்று வாயுக்கள் சேர்ந்தது என்பதால் ‘ட்ரைமிக்ஸ்’ என்று பெயர். பிறந்தநாள் பலூனில் அடைக்கும் அதே ஹீலியம்தான். அதைச் சுவாசித்தால் குரல் வாத்துக் கத்துவதுபோல் ஆகிவிடும். குரலை வைத்துப் பிழைக்கும் எனக்கு அந்த வேலை சரிப்படாது.

பலர் ‘ரீபிரீதர்’ என்ற கருவியையும் பயன்படுத்துகிறார்கள். வெளிவிடும் மூச்சை அது வீணாக்காது. அதிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிட்டு, செலவான அளவு ஆக்சிஜனை மட்டும் சேர்த்துத் திருப்பித் தரும். அதனால், குறைந்த வாயுவில் நீண்ட நேரம் அடியில் இருக்கலாம். ஆனால், கருவி கோளாறானால் அது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். கருவி காட்டும் எண்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கீழே இறங்குவது எளிது, மேலே வருவதுதான் சோதனை. 100பிளஸ் டின்னைக் குலுக்கிவிட்டுச் சட்டென்று திறந்து பாருங்கள், நுரை பொங்கும். அழுத்தத்தில் உடலுக்குள் கரைந்த வாயுவும் அப்படித்தான். வேகமாக மேலே வந்தால் இரத்தத்திலும் மூட்டுகளிலும் முதுகுத் தண்டிலும் குமிழி கட்டும். கைகால் விளங்காமல் போகலாம், உயிரும் போகலாம். அதனால், சில மீட்டருக்கு ஒரு முறை நின்று, காத்திருந்து, படிப்படியாக வர வேண்டும். 80 மீட்டரில் 20 நிமிடம் வேலை செய்தால், மேலே வர ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். இடையில் பயந்துபோனாலும், பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து என்றாலும், ‘நான் போறேன்’ என்று மேலே ஓடிவிட முடியாது.

இவ்வளவும் அந்த 20 நிமிடத்துக்காக. அந்த 20 நிமிடத்திலும் பார்வைக்குத் தெரிவது கைவிளக்கு வெளிச்சம் விழும் இடம் மட்டும். கப்பலின் மேல் அறுந்த வலைகள் சிக்கிக் கிடந்தால், அவை ஆளையும் பிடித்துக்கொள்ளும்.

2019 அக்டோபரிலிருந்து 2020 மார்ச் வரை அந்த நால்வரும் ஆறு முறை இறங்கினார்கள். எதிர்பார்த்ததைவிடப் பெரிய உருவம். ஆனால், பெயர்ப் பலகை எதுவும் கிடைக்கவில்லை. இதுதான் கிரெனேடியர் என்று எப்படிச் சொல்வது? கப்பலின் மூடிகளையும் மேல்தளப் பாகங்களையும் நுணுக்கமாக அளந்தார்கள். மேலே வந்து, அமெரிக்க ஆவணக் காப்பகத்திலுள்ள அசல் வரைபடங்களோடு ஒப்பிட்டார்கள். அளவுகள் பொருந்தின. அதன் பிறகு, 2020 செப்டம்பரில்தான் உலகத்துக்குச் சொன்னார்கள்.

எதற்காக இந்தப் பாடு?

நிகழ்ச்சியில் இதைச் சொன்னபோது ஒரு நேயர் கேட்டார்: “தங்கம் கிடைச்சதா?” கிடைக்கவில்லை. போர்க்கால நீர்மூழ்கியில் தங்கம் எங்கிருந்து வரும்?

“அப்புறம் எதுக்கு உசிரப் பணயம் வைக்கணும்?”

அவருக்கு நான் சொன்னது லகார்ட்டோவின் கதை. யுஎஸ்எஸ் லகார்ட்டோ இன்னோர் அமெரிக்க நீர்மூழ்கி. 1945 மே மாதத் தொடக்கத்தில் தாய்லாந்து வளைகுடாவில் மறைந்தது. 86 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ‘காணவில்லை’ என்ற ஒரு வரிதான் குடும்பங்களுக்குக் கிடைத்தது. 2005-இல் ஜேமி மெக்லியோட் என்ற பிரிட்டிஷ் முக்குளிப்பாளர் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார். அவருக்கும் வழி காட்டியது மீனவர்களின் வலை சிக்கிய இடம்தான். மறு ஆண்டு அமெரிக்கக் கடற்படை முக்குளிப்பாளர்கள் வந்து அதை உறுதி செய்தார்கள். அப்பாவைப் பார்த்தே இராத பிள்ளைகள் அதற்குள் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். அவர்களுக்கு அன்றுதான், அப்பா இருக்கும் இடம் இதுதான் என்று ஒரு புள்ளி கிடைத்தது.

இது நமக்குப் புரியாத துக்கமல்ல. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! எந்த மண்ணில் கிடக்கிறார் என்று தெரியாமலே ஆடி அமாவாசைக்குப் படையல் போட்ட வீடுகள் எத்தனை! பூப்போட ஓர் இடம் இல்லாத துக்கம் எப்படிப்பட்டது என்று நம் பாட்டிமாரைக் கேட்டால் தெரியும்.

அதே கடலுக்கு வேறு நோக்கத்தோடு இறங்குபவர்களும் உண்டு. 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு வெளியே ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைச் சரித்திரப் பாடத்தில் படித்திருப்போம். 800-க்கும் மேற்பட்டவர்கள் அதில் மாண்டார்கள். அந்தக் கல்லறையை இரும்புக்காகப் பல ஆண்டுகளாக உடைத்து அள்ளியிருக்கிறார்கள். 2023 மே மாதம் ஜொகூர் கடற்பகுதியில் நம் கடல்சார் அமலாக்க நிறுவனம் ஒரு சீனக் கப்பலைத் தடுத்து வைத்தபோது, அதில் வெடிக்காத பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன. கிரெனேடியருக்குப் போனவர்கள் அளவுநாடாவோடு இறங்கினார்கள், இவர்கள் பாரந்தூக்கியோடு வந்தார்கள். கண்டுபிடித்த இடத்தை உடனே ஊருக்கெல்லாம் சொல்லாமல் முக்குளிப்பாளர்கள் பலர் கமுக்கமாக வைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

“நம்ம கப்பல் ஒண்ணும் முழுகிப் போச்சே”

இனி, அந்த ஐயா சொன்ன இன்னொன்று.

நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை அணைத்த பிறகும் அவர் தொலைபேசியில் இருந்தார். “அமெரிக்காக்காரன் கப்பலப் பத்தி நல்லா சொன்னீங்கம்மா. நம்ம கப்பல் ஒண்ணும் முழுகிப் போச்சே, தெரியுமா?”

“எந்தக் கப்பல்ங்க ஐயா? ரஜூலாவா?”

“ரஜூலா முழுகலம்மா. ரோணா. எங்கப்பா ரோணாவுலதான் வந்தாரு.”

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. அந்தப் பெயரை நான் கேட்டிருக்கிறேன், என் பாட்டியின் வாயால்.

பாட்டி 1937-இல் ஏழு வயதில், நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அம்மா அப்பாவோடு பினாங்கில் இறங்கி, அங்கிருந்து புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்தவர். பால் வெட்டி, பிள்ளைகள் பெற்று, கித்தா மரம் போய்ச் செம்பனை வந்ததையும் பார்த்து, 2011-இல் கண்ணை மூடினார். கப்பலில் வந்த கதையைச் சொல்லும்போது “ரோணா கப்பல்ல ஏழு நாளு” என்றுதான் தொடங்குவார். கருவாட்டு வாடை, மேல்தளத்தில் வரிசையாகப் படுத்தது, அம்மா வாந்தி எடுத்தது எல்லாம் வரும்.

நாங்கள் பேரப்பிள்ளைகள் சிரிப்போம். அப்போது உலகக் கிண்ணக் காற்பந்து வேறு. “ரோணாவா, ரொனால்டோவா பாட்டி?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரிப்போம். மூன்றாம் படிவத்தில் சரித்திரப் பாடத்துக்கு நான் குடும்ப வரலாறு எழுத வேண்டியிருந்தது. பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். கப்பல் பெயர் வந்ததும், “பாட்டி, அது ரஜூலா. புத்தகத்துல போட்டிருக்கு. எல்லாரும் ரஜூலாவுலதான் வந்தாங்க” என்றேன். பாட்டி என்னையே பார்த்தார். பிறகு, “சரி, ரஜூலான்னே எழுதிக்கோ” என்றார்.

அப்படியே எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

அந்த ஐயா பேசிய அன்று இரவுதான் தேடினேன். ரோணா இருந்திருக்கிறது. ‘பி.ஐ.’ என்று நம் பெரியவர்கள் சொல்லும் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம் 1926-இல் ஒரே மாதிரியான இரண்டு கப்பல்களை இறக்கியது. ஒன்று ரஜூலா, மற்றது ரோணா. இரண்டும் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடின. மேல்தளத்தில் ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றி வந்தன. ரஜூலா போரில் தப்பித்து 1970-கள் வரை ஓடியது. அதனால், எல்லார் நினைவிலும் நின்றது. ரோணாவை 1940-இல் பிரிட்டிஷார் படை ஏற்றும் கப்பலாக எடுத்துக்கொண்டார்கள். 

1943 நவம்பர் 26. சுமார் 2,000 அமெரிக்க வீரர்களை ஏற்றிக்கொண்டு, இந்தியாவை நோக்கி, அல்ஜீரியாவுக்கு வெளியே மத்தியதரைக் கடலில் ரோணா போய்க்கொண்டிருந்தது. ஒரு ஜெர்மன் விமானம் ஒரு குண்டை வீசியது. சாதாரணக் குண்டல்ல, விமானத்திலிருந்தே வானொலி அலையால் திசை திருப்பி ஓட்டக்கூடிய குண்டு. நான் சோறு தின்பது வானொலியால். அதே அலையால் ஒரு கப்பலைக் குறிபார்த்து அடித்தார்கள் என்று படித்தபோது ஒரு மாதிரியாக இருந்தது.

1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 1,000-க்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்க வீரர்கள். 100-க்கும் மேற்பட்ட மாலுமிகளும் அதில் அடக்கம், அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ‘பயனியர்’ என்ற கண்ணிவாரிக் கப்பல் மட்டும் 606 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. அந்தப் புதுவகைக் குண்டைப் பற்றி வெளியே தெரியக்கூடாது என்று அமெரிக்க அரசு செய்தியை மூடி மறைத்தது. பிழைத்தவர்களையும் பேசக்கூடாது என்றது. பிள்ளை எப்படிச் செத்தான் என்று தெரியாமலே பல பெற்றோர் போய்ச் சேர்ந்தார்கள். பிற்காலத்தில், பிழைத்தவர்களும் குடும்பத்தினரும் ஒன்றுகூடிப் பேசப் பேசத்தான் கதை வெளியே வந்தது.

அந்த மாலுமிகளின் வீடுகளில் யார் போய்ச் சொன்னார்களோ. இங்கே புக்கிட் ரோத்தானில், லயத்து வீட்டு வாசலில், தான் வந்த கப்பலின் கதை எப்படி முடிந்தது என்று தெரியாமலே என் பாட்டி அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் திருத்தும் வரை.

அளந்து பார்க்க வழியில்லை

பாட்டி வந்தது ரோணாவில்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஒரே வழித்தடம், ஒரே மாதிரியான கப்பல்கள், ஏழு வயதுப் பிள்ளை. கிரெனேடியர்காரர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க வரைபடம் இருந்தது. என்னிடம் இருப்பது பாட்டியின் சொல் மட்டும். இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தால் ஏதாவது பிடி கிடைத்திருக்கும். கூட வந்தவர்கள் யார், பினாங்கில் எத்தனை நாள் வைத்திருந்தார்கள், கங்காணியின் பெயர் என்ன. கேட்கவில்லை. வலை சிக்கிய இடத்தில் நின்று பார்க்காமல், வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பாவிடம் கேட்டேன்: “அப்பா, பாட்டி எந்தக் கப்பல்ல வந்தாங்க?”

நாளிதழைப் படித்துக்கொண்டே சொன்னார்: “ரோணாதான்.”

“அப்புறம் ஏம்பா நான் ரஜூலான்னு எழுதுனப்ப ஒண்ணும் சொல்லல?”

“நீங்கெல்லாம் சிரிச்சீங்க. பாட்டியே சரின்னுட்டாங்க. நான் என்ன சொல்றது?”

மதியம் இருவரும் கோல சிலாங்கூர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனாம்பாங்கில் சாப்பிடப் போனோம். படகுகள் வந்து இறங்கும் நேரம். வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு சீன அங்கிளிடம், எனக்குத் தெரிந்த மலாயில், “வலை எங்கே சிக்கும்?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை மூன்று திசையில் நீட்டி, “சங்குட், சங்குட், சங்குட்” என்றார். அடியில் என்ன என்று கேட்டேன். மரமோ, பழைய படகோ, யார் கண்டது என்று சிரித்தார். ஆனால், இடம் மூன்றும் மனப்பாடம். அவருடைய அப்பா காட்டிக் கொடுத்ததாம்.

அப்பா சாப்பிட்டு முடித்து வீடு திரும்பும் வழியில், நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார். செம்பனைக்கு நடுவில் காரை நிறுத்தச் சொல்லி, “இந்த எடத்துலதான் எங்க லயம். அந்தா அந்தத் திட்டுதான் தண்ணிப் பைப்பு இருந்த எடம்” என்று காட்டினார். எனக்கு மரங்கள்தான் தெரிந்தன. கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை முடுக்கி, அவர் பக்கத்தில் வைத்தேன். 47 நிமிடம் பேசினார். நடுவில் நான் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை. என் தொழிலில் அது சாதாரண விஷயமல்ல.

வாசகர்களே, நம் பிள்ளைகளில் யாராவது நாளை ட்ரைமிக்ஸ் உருளைகளை முதுகில் கட்டிக்கொண்டு நம் நீரிணையில் இறங்கினால் எனக்குப் பெருமைதான். அதற்குக் காசும் பயிற்சியும் காலமும் வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேட்பதற்கு அவையெல்லாம் தேவையில்லை. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், கூட யார் வந்தது, முதலில் எந்தத் தோட்டம். இந்த வாரமே கேளுங்கள், பதிவு செய்யுங்கள். புத்தகத்தில் இல்லாத பெயரை அவர் சொன்னால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

என் பழைய சரித்திர ஏட்டை அம்மா இரும்பு அலமாரியில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். ‘ரஜூலா’ என்று நீல மையில் எழுதி, ஆசிரியர் சரி போட்டிருக்கிறார். அதை அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ‘ரோணா - பாட்டி சொன்னது’ என்று எழுதி வைத்தேன்.